870 ஆடுகள், 28 ஆண்டுகள், ஒரு பெண்: தைராய்டு டோஸை முதன்முதலில் அளந்த டாக்டரின் கதை

ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. டிஎஸ்ஹெச் 7.2. எண்ணுக்குப் பக்கத்தில் அம்புக்குறி மேலே பார்த்து நிற்கிறது. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் டோக்கன். தினமும் 50 மைக்ரோகிராம் மாத்திரை போடுகிறவர், அதுவரைக்கும் நாமே 75 ஆக்கிக்கலாமா என்று யோசிக்கிறார். இன்னொரு வீட்டில் நேர் எதிர்க் கதை. ரிப்போர்ட்டில் எல்லாமே நார்மல். ஆனா முடி கொட்டுது, மதியம் தூக்கம் தள்ளுது, உடம்பு அசதி போகலை. டோஸ் பத்தலையோ?

சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று, பெரியவர்களில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதாகக் கண்டது. நம்ம குமரி மாவட்டத்திலும் காலைச் சாயாவுக்கு முன்னால் அந்தச் சின்ன மாத்திரையை விழுங்குகிற வீடுகள் ஏராளம். அதனால் மேலே சொன்ன இரண்டு கேள்விகளும் உங்கள் வீட்டிலேயே எழுந்திருக்கலாம்.

டிஎஸ்ஹெச் என்ற டெஸ்ட்டே இல்லாத காலத்தில், வெறும் கண்ணையும் கையையும் வைத்து இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டியவர் ஒருவர் உண்டு. ஜார்ஜ் ரெட்மெய்ன் மர்ரே. மருத்துவப் புத்தகங்களில் பெரிய பெயர். வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஒரே பெண்ணுக்கு 28 ஆண்டுகள் தைராய்டு மருந்து கொடுத்து, அந்தக் கணக்கை ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்தவர்.

கழுத்தில் இருக்கிற சின்ன சுரப்பி

மர்ரே 1865-ல் இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் நகரத்தில் பிறந்தார். அப்பாவும் டாக்டர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். அங்கே விக்டர் ஹார்ஸ்லி என்ற அறுவை நிபுணர் இருந்தார். குரங்குகளின் தைராய்டு சுரப்பியை அகற்றினால் என்ன ஆகிறது என்று சோதித்துப் பார்த்தவர் அவர். மர்ரேவுக்குத் தைராய்டு மேல் பிடிப்பு வந்தது அந்தச் சூழலில்தான்.

அன்றைக்குத் தைராய்டு எதற்காக இருக்கிறது என்பதே சண்டைக்குரிய விஷயம். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கிற சுரப்பி. 1873-ல் லண்டன் டாக்டர் வில்லியம் கல், சில பெண்களிடம் ஒரே மாதிரியான மாற்றத்தைப் பார்த்து எழுதினார். முகம் உப்பி, இமை வீங்கி, தோல் வறண்டு, பேச்சு இழுத்து, குரல் கட்டையாகி, எப்போதும் குளிர்கிறது என்பார்கள். சில ஆண்டுகளில் வில்லியம் ஆர்ட் என்பவர் இதற்கு மிக்ஸிடீமா என்று பெயர் வைத்தார். சுவிட்சர்லாந்தில் தியோடர் கோகர் என்ற அறுவை நிபுணர், கழுத்துக் கழலைக்காகத் தைராய்டை முழுசாக எடுத்துவிட்ட தன் பழைய நோயாளிகளை மறுபடி வரவழைத்துப் பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோர் இதே மாதிரி மந்தமாகி இருந்தார்கள். 1883-ல் அதை அவரே வெளியிட்டார். தன் கத்தியால் வந்த கேட்டைத் தானே ஊரறியச் சொல்வது எந்தக் காலத்திலும் சுலபமில்லை.

இந்த மூன்று நூலும் ஒன்றாகச் சேர்ந்தபோது விஷயம் புரிந்தது. சுரப்பி இல்லாமல் போனாலோ செயலிழந்தாலோ இந்த நோய் வருகிறது. சரி, வைத்தியம்? ஒன்றும் இல்லை. கதகதப்பாக இருங்கள், முடிந்தால் வெயில் உள்ள ஊருக்குப் போங்கள் என்பதோடு நின்றுவிடும். நோயாளி வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போவார்.

25 வயசில் ஒரு யோசனை

1890-ல் லிஸ்பனில் இரண்டு போர்ச்சுகீசிய டாக்டர்கள், மிக்ஸிடீமா வந்த ஒரு பெண்ணின் தோலுக்கு அடியில் ஆட்டுத் தைராய்டைப் பதித்து வைத்தார்கள். அந்தப் பெண் உடனே தேற ஆரம்பித்தார். எல்லோரும் பாராட்டினார்கள். மர்ரே மட்டும் அதில் ஒரு முரணைக் கவனித்தார். ஒட்டிய சதை உயிர்பிடித்து வேலை செய்ய நாளாகுமே, அடுத்த நாளே எப்படித் தேறும்? அப்படியென்றால் குணம் கொடுத்தது ஒட்டிய சதை இல்லை, அதிலிருந்து கசிந்த சாறு. சாறுதான் வேலை செய்கிறது என்றால் அறுவை எதற்கு? ஊசியில் ஏற்றினால் போதாதா?

1891 பிப்ரவரியில், உள்ளூர் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் ஒரு நோயாளியைக் காட்டி இந்த யோசனையைச் சொன்னார். அப்போது வயசு 25. மூத்தவர் ஒருவர் கேலி செய்தார். தண்டுவட நோய்க்குத் தண்டுவடத்தைக் கரைத்து ஊசி போடுவது எவ்வளவு அறிவுள்ள காரியமோ, இதுவும் அவ்வளவுதான் என்பது அவர் கருத்து.

அந்தக் கேலிக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷம் முன்னால்தான் பாரிஸில், 72 வயசு பிரவுன்-செக்கார்ட் என்ற பெரிய விஞ்ஞானி, விலங்குகளின் விதைப்பைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்திருந்தார். ஐரோப்பா முழுக்கச் சிரித்தது. அந்தச் சாறு பிற்பாடு வெறும் நம்பிக்கை என்று தெளிவானது. எனவே சாறு ஊசி என்றாலே டாக்டர்கள் முகம் சுளித்த நேரம் அது. மர்ரேவின் சாறு மட்டும் ஏன் வேலை செய்தது? தைராய்டு தன் ஹார்மோனை உள்ளேயே சேமித்து வைத்திருக்கும் சுரப்பி. பல வாரங்களுக்கான சரக்கு அதில் இருக்கும். விதைப்பையில் அப்படிச் சேமிப்பு இல்லை. இது மர்ரேவுக்கு அன்று தெரியாது.

கைக்குட்டையில் பிழிந்த மருந்து

அவர் மருந்து செய்த முறையைப் படித்தால் இன்றைய பார்மசி மாணவர்கள் தலையில் கை வைப்பார்கள். அப்போதுதான் அறுத்த ஆட்டின் தைராய்டை எடுத்துச் சின்னச் சின்னதாக நறுக்கி, கிளிசரினும் கொஞ்சம் கார்பாலிக் அமிலக் கரைசலும் சேர்த்து, ஒரு நாள் ஊற வைப்பார். பிறகு கொதிநீரில் போட்டெடுத்த மெல்லிய கைக்குட்டையில் கட்டிப் பிழிவார். கலங்கலான இளஞ்சிவப்புத் திரவம் கொஞ்சம் கிடைக்கும். அதுதான் மருந்து.

முதல் நோயாளி 46 வயசுப் பெண். சில ஆண்டுகளாக மிக்ஸிடீமா. 1891 ஏப்ரலில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, முதுகுத் தோலுக்கு அடியில் முதல் ஊசி போடப்பட்டது. முதலில் அடுத்தடுத்து, பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை.

மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்தது. பேச்சு வேகம் பிடித்தது. நடப்பது சுலபமானது. வராமல் நின்றிருந்த வியர்வை திரும்பியது. குளிரைத் தாங்க முடிந்தது. மாதவிலக்கும் ஒழுங்குக்கு வந்தது. அந்த அக்டோபரில் மர்ரே இதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். உடம்பில் இல்லாத ஒரு ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்துச் சமாளிக்கலாம் என்பதற்கு வெற்றிகரமான முதல் உதாரணம் அது. இன்சுலின் வர இன்னும் 30 ஆண்டுகள் இருந்தன.

அன்றைக்கு நம்ம ஊர் தெற்குத் திருவிதாங்கூர். 1838-ல் தொடங்கிய நெய்யூர் மிஷன் மருத்துவமனை அப்போதே அரை நூற்றாண்டைத் தாண்டியிருந்தது. அந்தக் காலத்தை மனசில் கொண்டுவர இது ஒரு அடையாளம், அவ்வளவுதான். நெய்யூரானாலும் நியூகாசிலானாலும், இன்று 200 மீட்டருக்கு ஒன்று இருக்கிற லேப் அன்று எங்கேயும் கிடையாது.

அளவு எவ்வளவு? இதுதான் உண்மையான சிக்கல்

மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தாயிற்று. எவ்வளவு கொடுப்பது? எத்தனை நாளைக்கு ஒருமுறை?

ஒரு ஆட்டின் சுரப்பி போல இன்னொன்று இருக்காது. தீனியைப் பொறுத்தும் பருவத்தைப் பொறுத்தும் அதன் வீரியம் மாறும். அளந்து பார்க்க எந்தக் கருவியும் இல்லை. மர்ரே கையில் இருந்தவை நோயாளியின் முகம், நாடி, உடம்புச் சூடு, எடை, தோல், பேச்சு. இவற்றை வைத்து அவர் சிகிச்சையை இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொண்டார். முதல் கட்டம், சேர்ந்துபோன நோயை இறக்குவது. இரண்டாவது கட்டம், மறுபடி ஏறாமல் பார்த்துக்கொள்ளத் தேவையான மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்து அதையே காலம் முழுக்கத் தொடர்வது. 130 வருஷம் கழித்தும் எந்த எண்டோகிரைன் கிளினிக்கிலும் நடப்பது இதேதான். அளக்கிற கோல்தான் மாறியிருக்கிறது.

அறிகுறியை மட்டும் நம்பியதில் ஆபத்தும் இருந்தது. சீக்கிரம் குணமாக்க வேண்டும் என்று அளவைக் கூட்டினால் இதயம் படபடக்கும், நெஞ்சு வலிக்கும், எடை கிடுகிடுவென இறங்கும். மிக்ஸிடீமாவால் ஏற்கெனவே தளர்ந்த இதயம் உள்ள வயதானவர்களுக்கு அது உயிருக்கே உலை வைக்கும். கொஞ்சமாகத் தொடங்கு, மெதுவாக ஏற்று என்ற பாடம் அப்படித்தான் வந்தது. இன்றைக்கும் 30 வயசுக்காரருக்கு நேரடியாக முழு டோஸ் எழுதுகிற டாக்டர், 70 வயசு இதய நோயாளிக்கு 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் ஆரம்பிப்பது இதனால்தான். பெரியம்மாவுக்கு மட்டும் ஏன் இத்தனூண்டு மாத்திரை என்று கேட்காதீர்கள்.

1890-களிலேயே இன்னொரு தப்பும் தொடங்கிவிட்டது. தைராய்டு சாப்பிட்டால் எடை குறைகிறது என்று தெரிந்ததும், நோயே இல்லாதவர்கள் உடம்பு இளைக்க அதை விழுங்க ஆரம்பித்தார்கள். ஸ்லிம்மிங் மாத்திரை மோகம் ரீல்ஸோடு பிறந்ததில்லை.

ஊசியிலிருந்து பொரியலுக்கு

ஊசி வேண்டாம், வாயிலேயே கொடுக்கலாம் என்பது 1892-ல் தெரியவந்தது. லண்டனில் ஹெக்டர் மெக்கன்சியும் பிளிமத்தில் எட்வர்ட் ஃபாக்ஸும் தனித்தனியாக இதைச் சொன்னார்கள். ஃபாக்ஸ் ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்து, பழ ஜெல்லி தொட்டுச் சாப்பிடச் சொன்னார். வாரத்துக்கு ஒருமுறை. கேட்க விருந்து மாதிரி இருக்கிறது, ஆனா சாப்பிட்டவர்கள் பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

வாரத்துக்கு ஒருமுறை வறுவல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி. தினமும் இல்லாமல் இது எப்படிப் போதுமானதாக இருந்தது? தைராக்சின் உடம்பை விட்டுப் போவது ரொம்ப மெதுவாக. ரத்தத்தில் உள்ளதில் பாதி குறையவே சுமார் 7 நாள் ஆகும். ஒரு நாள் மாத்திரையை மறந்துவிட்டால் உலகம் இடிந்துவிடாததற்குக் காரணம் இது. மாத்திரையை நிறுத்தியவர்கள் ஏமாந்து போவதற்கும் காரணம் இதுவே. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. பார்த்தியா, இல்லாமலே நல்லாத்தானே இருக்கேன் என்று தோன்றும். ஆறாவது வாரம், பத்தாவது வாரம் வரும்போது முகம் உப்பும், மலம் இறுகும், எரிச்சல் வரும். அதற்குள் நிறுத்தியதே மறந்துபோயிருக்கும்.

மர்ரேவின் நோயாளி நிறுத்தவில்லை. திரவ மருந்தை வாய்வழியாக, ஒரு வேளைக்கு 10 மினிம், அதாவது சுமார் 0.6 மில்லி, வாரத்தில் ஆறு இரவுகள் எடுத்துக்கொண்டார். வருஷங்கள் ஓடின. மர்ரே 1900-ல் தைராய்டு நோய்கள் பற்றிப் புத்தகம் எழுதினார். 1908-ல் மான்செஸ்டருக்குப் பேராசிரியராகப் போனார். 1909-ல் தைராய்டு ஆய்வுக்காகக் கோகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மர்ரேவுக்குக் கிடைக்கவில்லை. சுரப்பியை எடுத்தவருக்குப் பரிசு, அதன் வேலையைத் திருப்பிக் கொடுத்தவருக்கு இல்லை. கோகரின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை, ஆனா எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது.

அந்தப் பெண் 1919-ல், 74-வது வயசில் இதயம் தளர்ந்து இறந்தார். அடுத்த ஆண்டு மர்ரே அவருடைய முழு நோய்க் கதையையும் எழுதினார். பெயரை வெளியிடவில்லை, திருமதி எஸ் என்று மட்டும் குறிப்பிட்டார். கணக்கு போட்டுப் பார்த்திருக்கிறார்: அவர் மொத்தம் குடித்த மருந்து 9 பைன்ட்டுக்கு மேல், ஏறக்குறைய 5 லிட்டர். அதற்குத் தேவைப்பட்ட ஆடுகள் 870-க்கும் அதிகம். சிகிச்சை இல்லாமல் இருந்திருந்தால் சில ஆண்டுகளே வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவர் 28 ஆண்டுகள் நடமாடியிருக்கிறார்.

இத்தனைக்கும் அவர் ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு இருந்தது என்று ஒரு தடவைகூட யாருக்கும் தெரியாது.

மர்ரேவின் பிற்காலத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல், தைராக்சினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். 1926-ல் சார்லஸ் ஹாரிங்டன் அதன் வேதி அமைப்பைக் கண்டுபிடித்து, அடுத்த ஆண்டே ஆய்வகத்தில் செய்தும் காட்டினார். ஆனா ஆரம்பத்தில் விலை கூடுதல், குடலில் சரியாக உறிஞ்சப்படவும் இல்லை. அதனால் உலர்த்திப் பொடித்த விலங்குத் தைராய்டு மாத்திரையே இன்னும் பல ஆண்டுகள் ஓடியது. மர்ரே 1925-ல் ஓய்வு பெற்றார். 1939 செப்டம்பரில், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய அதே மாதத்தில் இறந்தார்.

கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா

அவர் பார்க்காமல் போன விஷயம் டிஎஸ்ஹெச். இதைப் புரிந்துகொள்ள நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குப் பேச்சிப்பாறைத் தண்ணீரை விட நல்ல உதாரணம் கிடையாது.

தோவாளை சானலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை விவசாயிகள் சத்தம் போடுவார்கள். தண்ணீர் குறையக் குறைய சத்தம் கூடும். தாராளமாக வந்தால் சத்தம் அடங்கிவிடும். ரத்தத்தில் தைராக்சின்தான் சானல் தண்ணீர். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி போடுகிற சத்தம்தான் டிஎஸ்ஹெச். எனவே டிஎஸ்ஹெச் ஏறியிருந்தால் ஹார்மோன் குறைவு. டிஎஸ்ஹெச் ரொம்ப இறங்கியிருந்தால் ஹார்மோன் மிதமிஞ்சிப் போகிறது. ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் படித்துவிட்டு, தைராய்டு கூடிப்போச்சு, மாத்திரையைக் குறைக்கணும் என்று முடிவெடுக்கிறவர்கள் நிறையப் பேர். அம்பு மேலே போனால் பொதுவாக மருந்து பத்தவில்லை என்று அர்த்தம்.

அணையில் ஷட்டரைத் தூக்கின அன்றைக்கே கடைமடை நனையாது இல்லையா? டோஸை மாற்றினாலும் அப்படித்தான். ரத்தத்தில் புது அளவு நிலைபெற்று, பிட்யூட்டரி அதை உணர்ந்து அடங்க 6 முதல் 8 வாரம் ஆகும். டோஸ் மாற்றிய பத்தாம் நாள் டெஸ்ட் எடுப்பது காசுக்குக் கேடு. அதைப் பார்த்து மறுபடி டோஸை மாற்றினால் ஊஞ்சல் ஆட்டம்தான்.

1960-களில் டிஎஸ்ஹெச்சை ரத்தத்தில் அளக்கும் முறை வந்தது. 1970-களில் பரவலானது. அப்போது ஒரு அதிர்ச்சி. அதுவரை அறிகுறியையும் பழைய கருவிகளையும் வைத்து டாக்டர்கள் கொடுத்துவந்த அளவு பலருக்கு மிக அதிகம் என்று தெரிந்தது. தினம் 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை கொடுப்பது வழக்கமாக இருந்த இடத்தில், பெரும்பாலானவர்களுக்கு 100-லிருந்து 150 போதும் என்றானது. கூடுதல் ஹார்மோன் கொஞ்சம் சுறுசுறுப்பைக் கொடுக்கும், எடையைக் குறைக்கும். அதனால் நோயாளிக்கும் பிடித்திருந்தது, டாக்டருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனா உள்ளே இதயத் துடிப்பு தாளம் தப்புவதும் எலும்பு தேய்வதும் ஓசையில்லாமல் நடக்கும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது கூடுதல் ஆபத்து.

சரி, என் ரிப்போர்ட்டுக்கு வருவோம்

முதல் வீட்டுக் கேள்வி. 7.2 வந்தால் நாமே கூட்டலாமா? வேண்டாம். முதலில் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பாருங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரோடு, சாயாவுக்கோ சாப்பாட்டுக்கோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். அவசரத்தில் சாயாவோடு சேர்த்து விழுங்கினால் மருந்து முழுசாக உறிஞ்சப்படாது. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டுக்கும் 4 மணி நேர இடைவெளி தேவை. புதுசாக இவற்றில் ஒன்றைத் தொடங்கியதாலேயே டிஎஸ்ஹெச் ஏறியிருக்கலாம். அதைச் சொல்லாமல் இருந்தால் டாக்டர் டோஸைக் கூட்டுவார், பிறகு நீங்கள் கால்சியத்தை நிறுத்தும்போது மருந்து மிதமிஞ்சிப்போகும்.

இன்னொரு விளையாட்டும் நடக்கிறது. மாசக்கணக்கில் மாத்திரையை விட்டுவிட்டு, டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்னால் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போவது. இது ரிப்போர்ட்டில் காட்டிக்கொடுத்துவிடும். டி4 நார்மலாகவோ கூடுதலாகவோ இருக்கும், டிஎஸ்ஹெச் மட்டும் உச்சத்தில் நிற்கும். சானலில் தண்ணீர் வந்துவிட்டது, கடைமடைச் சத்தம் இன்னும் அடங்கவில்லை.

மாத்திரையே தொடங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. டி4 நார்மலாக இருந்து, டிஎஸ்ஹெச் மட்டும் 10-க்குள் லேசாக ஏறியிருந்தால் எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். பலருக்கு அதுவே இறங்கிவிடும்.

இரண்டாவது வீட்டுக் கேள்வி இன்னும் கஷ்டமானது. ரிப்போர்ட் நார்மல், உடம்பு சரியில்லை. இவர்கள் கற்பனை செய்யவில்லை. டிஎஸ்ஹெச் சரியான எல்லைக்குள் வந்த பிறகும், 10-ல் ஒருவர் வரை அசதி, மறதி என்று சொல்வது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனா அசதியும் முடி உதிர்வும் தைராய்டின் தனிச் சொத்து இல்லை. ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, தூக்கக் கோளாறு, மனச்சோர்வு எதுவும் இதே வேஷம் போடும். முதலில் அவற்றைத் தேட வேண்டும். அவை இல்லையென்றால், அந்த எல்லைக்கு உள்ளேயே டிஎஸ்ஹெச்சைக் கொஞ்சம் கீழே கொண்டுவர டோஸை நுணுக்கமாக மாற்றிப் பார்ப்பதும் உண்டு. அதை உங்களைத் தெரிந்த டாக்டர் செய்ய வேண்டும். பிட்யூட்டரியிலேயே கோளாறு உள்ள சிலருக்கு டிஎஸ்ஹெச் வழிகாட்டாது என்பதும் இதில் சேர்த்தி. சத்தம் போட வேண்டியவருக்கே தொண்டை கட்டிவிட்டது என்று வையுங்கள். அவர்களுக்கு டி4 அளவை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

இந்த இடத்தில்தான் மர்ரேவின் நோட்டு இன்றும் உதவுகிறது. டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. எடை எவ்வளவு மாறியது, ஓய்வாக இருக்கும்போது நாடி எத்தனை, மலச்சிக்கல் உண்டா, மாதவிலக்கு எப்படி, குளிர் தாங்குகிறதா, கை நடுங்குகிறதா, எந்த வாரத்திலிருந்து. போனில் நாலு வரி குறித்து வைத்தால் ஐந்து நிமிட கன்சல்டேஷன் ஐந்து மடங்கு பிரயோஜனப்படும்.

மரச்சீனிக் கிழங்கை விட்டுவிட வேண்டுமா என்று நம்ம மாவட்டத்தில் கேட்காதவர்கள் இல்லை. மரச்சீனியில் உள்ள சில பொருட்கள் உடம்பில் மாறி, தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கக்கூடியவை என்பது உண்மை. ஆனா அது பிரச்சினையாவது பெரும்பாலும் அயோடின் பற்றாக்குறை உள்ள இடங்களில், அதையே முக்கிய உணவாக நாள்தோறும் சாப்பிடுகிறவர்களுக்கு. அயோடின் உப்பும் மீன்கறியும் உள்ள வீட்டில், நன்றாக வேகவைத்து நீரை வடித்த கிழங்கை எப்போதாவது சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரை போடுகிறவர்களுக்கு ஹார்மோன் வெளியிலிருந்தே வந்துவிடுவதால் கவலை இன்னும் குறைவு.

டெஸ்ட் எடுக்கும் நாளுக்கு இரண்டு குறிப்பு. முடிந்தவரை ஒரே லேப்பில், ஒரே நேரத்தில், காலையில் எடுங்கள். அதிகாலையில் டிஎஸ்ஹெச் கூடுதலாகவும் மதியத்தில் குறைவாகவும் இருப்பது இயல்பு. முடி உதிர்வுக்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மூன்று நாள் முன்னதாக அதை நிறுத்திவிட்டுப் போங்கள், அது சில இயந்திரங்களில் எண்ணையே திரித்துவிடும்.

காத்திருக்கவே கூடாத ஒரு சந்தர்ப்பம் உண்டு. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுகிற பெண் கருத்தரித்தால், தேவை முதல் சில வாரங்களிலேயே ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும். குழந்தையின் மூளை வளர்ச்சி அந்த நேரத்தில் அம்மாவின் தைராக்சினை நம்பியிருக்கிறது. அடுத்த மாத டோக்கன் வரை பொறுக்க வேண்டாம். டெஸ்ட் பாசிட்டிவ் என்று தெரிந்த அன்றே டாக்டருக்கு போன் போடுங்கள்.